சொல்லிக்கொடுத்த பதில்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் அலுவலக வேலை பார்த்தேன். குழந்தைத் தொழிலாளர் சோதனைக்கு அதிகாரிகளின் ஜீப் வருகிறது என்று தெரிந்தால், வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பதிலை மனப்பாடம் செய்ய வைப்போம்: "அம்மாவுக்குச் சோறு கொண்டாந்தேன் சார்." நானே பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது தப்பு என்று அப்போது தோன்றியதில்லை.

அந்த நாட்களில்தான் என் ஏழு வயது மகள், டியூஷன் ஆசிரியர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாகச் சொன்னாள். புகார் கொடுத்தோம். மதுரையில் ஒரு உளவியல் நிபுணரிடம் அவளை அழைத்துப்போகச் சொன்னது போலீஸ். அவருடைய அறிக்கையை வைத்துத்தான் வழக்கு நிற்கும் என்றார்கள். அவரைப் பார்க்க நான்கு நாள் இருந்தது.

"பிள்ள திக்கித் திக்கிச் சொன்னா எவன் நம்புவான்? நல்லாச் சொல்லிக் குடு," என்றார் கணவர்.

தினமும் மாலையில் அவளை உட்காரவைத்துச் சொல்லவைத்தேன். அவள் விட்ட இடத்தில் எடுத்துக்கொடுத்தேன். மூன்றாம் நாள் கேட்டாள்: "ஏம்மா, இதுக்கு எம்புட்டு மார்க்கு?"

மதுரையில் அந்த நிபுணர் அவளோடு தனியாக ஒரு மணி நேரம் பேசினார். பிறகு என்னை மட்டும் உள்ளே அழைத்தார்.

"நடுவுல ஒரு கேள்வி கேட்டா, மறுபடி முதல்ல இருந்து ஒப்பிக்கிறா. நீங்க சொல்லிக்கொடுத்தீங்களா?"

"மறந்துரக் கூடாதேன்னுதான் மேடம். எம்பிள்ள பொய் சொல்லுதுங்கீகளா?"

"இல்லம்மா. நடந்திருக்கலாம். ஆனா அவ வார்த்தை எது, உங்க வார்த்தை எதுன்னு என்னால பிரிக்க முடியல. அதனால உறுதியா நடந்துச்சுன்னு எழுத மாட்டேன். நடக்கலன்னும் எழுத மாட்டேன்." அவர் குரலில் கோபமில்லை. பேனாவை எடுத்தார். "முதல் நாள் உங்ககிட்ட என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். நான் அமைத்துக்கொடுத்த வாக்கியம்தான் வந்தது. நிறுத்திவிட்டு, யோசித்து யோசித்துச் சொன்னேன். அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைத் தள்ளினாள். கதவைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள். அதற்குமேல் நினைவில் இருந்ததெல்லாம் என் குரல்.

'கதவு' என்பதை மட்டும் அவர் எழுதிக்கொண்டார்.

அறிக்கையில், உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்றிருந்தது. வழக்கு நிற்கவில்லை. ஆசிரியர் அதே தெருவில் டியூஷன் நடத்தினார். நாங்கள் வீடு மாறினோம். கணவர் அந்த நிபுணரை நெடுநாள் திட்டினார். அவர் எழுதியதில் எனக்குக் குறை தெரியவில்லை.

அதன்பின் மகளிடம் அதைப் பற்றி நான் கேட்டதே இல்லை. கேட்டால் என்னுடைய வாக்கியத்தையே திருப்பிச் சொல்லிவிடுவாளோ என்ற பயம் இன்னும் போகவில்லை.