வாசலில் வெஸ்டா, ஷெட்டில் வதனி

“...எரியிறதைப் பிடுங்கினாக் கொதிக்கிறது அடங்கும் எண்டு சொல்லுவினம். இவர் அடுப்பையே பிடுங்கி வெளியில வைச்சிட்டார். எனக்கு இன்னும் கூடத்தான் கொதிக்குது, அண்ணை!”

சொன்னவர் வதனி. இடம், வெம்பிளியில் அவர் வீட்டுத் தோட்டத்து ஷெட், தட்டுமுட்டுச் சாமான் போடும் பலகைக் கொட்டில். போன சனிக்கிழமை மத்தியானம் விருந்துக்குப் போன நான், மீன் பொரியும் மணத்தைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போய்விட்டேன். குளிர்கோட்டு, மப்ளர், கையில் கரண்டி... பனிமலை ஏறப் போகிறவர் போல நின்று வதனி மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதை பஸ் டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொண்டேன். இந்த மாதிரிச் சொற்களுக்காகத்தானே நான் விருந்துக்கே போகிறேன்? சரி, மீனுக்காகவும்தான்.

அவர் கணவர் தயாபரன் ஜெர்மனியிலிருந்து இங்கே வந்தவர். வீடுகளுக்குக் குசினி, அதாவது சமையலறை, பூட்டிக் கொடுப்பது தொழில். கெட்டிக்காரர். தன் வீட்டில் பூட்டியிருக்கும் குசினியைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகத் தோன்றும். கறுப்பு மாபிள், ஐந்து அடுப்பு, கப்பல் புகைபோக்கி மாதிரி ஒரு புகைபோக்கி. எல்லாம் இருக்கிறது — சமையலைத் தவிர.

அது ஷெட்டில். 2009ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரில், ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு போய்ச் சோறு வடிக்கிறார். சிரிக்காதீர்கள்... உங்கள் வீட்டு ஷெட்டில் என்ன இருக்கிறது?

“போன குளிருக்கு மூண்டு கிழமை இருமினனான். இந்தக் குளிருக்கும் வெளியில நிண்டா நெஞ்சு தாங்காது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். உள்ளுக்கு ஒரு அடுப்பு, ஒரேயொரு அடுப்புத் தாங்கோ எண்டு இவரிட்டைக் கேட்டன். ‘பாப்பம்’ எண்டார்.”

கலியாணம் கட்டிய எல்லாருக்கும் தெரியும், ‘பாப்பம்’ என்றால் என்ன அர்த்தமென்று.

இதிலே வேடிக்கை, அந்த வீட்டின் பெயர். வாசலில் பித்தளைப் பலகை: ‘வெஸ்டா’. நான் உள்ளே வந்தபோது, தயாபரன் விருந்தாளிகளைக் குசினிக்குள் நிறுத்தி அதற்குத்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ரோமாபுரியில அடுப்புக்கு எண்டே ஒரு தெய்வம். அவதான் வெஸ்டா. வானத்தில சுத்துற ஒரு குட்டிக் கிரகத்துக்கும் அவவின்ர பேர்தான். முந்தி இந்த நாட்டில நெருப்புக்குச்சிக்கும் அந்தப் பேர் இருந்தது! அவவின்ர கோயிலில சிலை இல்லை. நெருப்புத்தான் தெய்வம். அது அணையக்கூடாது.”

“அணைஞ்சா?” என்றார் ஒருவர்.

“காவல் நிண்ட பொம்பிளைக்குச் சவுக்கடி!”

எல்லாரும் “ஓகோ” என்றார்கள். என் வாய் சும்மா இருக்குமா?

“தம்பி, உம்மட இந்த அடுப்பு கடைசியா எப்ப எரிஞ்சது?”

“அது... இன்னும் பத்த வைக்கேல்லை, அண்ணை. கஸ்டமர் வந்து பாக்கிற இடமெல்லே? கறி மணந்தா ஆர் ஓடர் தருவினம்?”

பாருங்கள் கூத்தை. ரோமாபுரியில் நெருப்பை அணையவிட்டால் பெண்ணுக்கு அடி. வெம்பிளியில் நெருப்பை மூட்டினால் பெண்ணுக்கு ஷெட். தெய்வத்தின் பெயரை வாசலில் பூட்டி, நெருப்பைத் தோட்டத்துக்குத் துரத்தி, மிச்சமிருக்கும் மாபிளைத் துடைத்துக் கும்பிடுகிறோம். நம் வீட்டுக் கறி மணத்துக்கு நாமே வெட்கப்படுகிறோம் — அதையே மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டு!

பின்கதவடியில் வதனி நின்றிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார், தெரியாது.

“அப்ப வெஸ்டாவுக்கு நெருப்புத்தானே வேணும்?” என்றார்.

“ஓம், நெருப்புத்தான் அவ!” தயாபரன் பெருமையாகச் சொன்னார். பாவம்.

வதனி ஷெட்டுக்குத் திரும்பிப் போனார். வரும்போது ஒரு கையில் தாச்சியும் எண்ணெய்ப் போத்தலும். மறுகையில் மிளகாய்த்தூள் பிரட்டிய மிச்ச மீன். ஐந்தில் நடு அடுப்பின் மேல் இன்னும் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை உரித்துச் சுருட்டிக் கணவரின் கையில் கொடுத்தார். தாச்சியை வைத்தார்.

“வதனி... கஸ்டமர்...” என்றார் தயாபரன்.

பொத்தானை அமத்தினாலே பற்றிக்கொள்ளும் அடுப்புத்தான். ஆனால் அதை வதனிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

வதனி குளிர்கோட்டின் பைக்குள் கையை விட்டு நெருப்புப்பெட்டியை எடுத்தார். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். பிறகு, குச்சியை உரசினார்.