பிரிட்ஜுக்குள் செருப்பு

ஆங்கில அகராதியில் 'எஸ்பியேக்லரி' என்று ஒரு சொல் இருக்கிறது. குறும்பு, விளையாட்டுத்தனம் என்று பொருள். என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த டீச்சர் ஒருநாள் என் முன்னாலேயே அவளை 'எஸ்பியேக்ல்' என்றார். திட்டுகிறாரோ என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"குறும்புக்காரின்னு அர்த்தம் சார். ஆசையாத்தான் சொன்னேன்."

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். பழைய ஜெர்மன் கதைகளில் ஊரையே ஏய்த்துத் திரிந்த ஒருவனின் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் திரித்துச் சொல்லாக்க, ஆங்கிலேயர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் குறும்பு மட்டும் தங்கிவிட்டது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அப்போதெல்லாம் எங்கள் முத்தியால்பேட்டை வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. என் மூக்குக்கண்ணாடி அரிசி டப்பாவில் கிடைக்கும். கத்துவேன். கத்திவிட்டு, அடுத்து எதை ஒளிப்பாள் என்று காத்திருப்பேன்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் செருப்பைப் பெண்ணின் தங்கை ஒளித்து வைப்பதும், அவர் ஏதாவது கொடுத்து மீட்பதும் எங்களுக்குள் வழக்கம். என் மகளுக்குத் தங்கை கிடையாது. அதனால் என்ன என்று, நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்ததும் மணப்பெண்ணே பட்டுப்புடவையோடு வந்து செருப்பைத் தூக்கிப்போய் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

"கட்டிக்கிட்ட பொண்ணே செய்யிற வேலையா இது?" என்று கேட்டுவிட்டு, வெறுங்காலோடு போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடியது நான்தான்.

இரண்டு வருடம் ஆகிறது. அவருக்கு எங்கள் ஊருக்குள்ளேயே இருக்கிற மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலை. குடி கிடையாது. அடிக்கிறாரா என்றும் கேட்டுவிட்டேன், இல்லை என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி, கிளம்பும்போது மாட்டத் தோதாகத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஜெர்மன்காரன் விஷயத்தில் ஆள் போய்க் குறும்பு தங்கியது. என் வீட்டில் ஆள் வந்து நிற்கிறாள், குறும்பைக் காணோம். அவள் அடுப்படியை விட்டு நகர்ந்த நேரம் பார்த்து, ஒற்றைச் செருப்பை எடுத்து பிரிட்ஜுக்குள் வைத்தேன். கண்டுபிடிப்பாள், என்னைத் திட்டுவாள், சிரிப்பாள் என்று நம்பினேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அத்தா, ஆறு மணிக்குள்ள வீட்டுக்குப் போவணும். குடுத்துடுங்க."

"தேடிப் பாரேன்."

"குடுத்துடுங்கத்தா." அவள் தேடவேயில்லை.

போய் எடுத்து வந்து அவள் காலடியில் வைத்தேன். அவசரமாக மாட்டினாள்.

"ஜில்லுனு இருக்கா?" என்று கேட்டேன்.

"லேட்டாயிடுச்சு அத்தா" என்றாள்.