‘பெரி டாரா’ என்றால் என்ன?

“குத்தத்த ஒத்துக்கச் சொல்லுங்க தம்பி. ரத்தத்துல சாராயம் இருக்குன்னு ரிப்போர்ட்டே வந்துருச்சு. இதுல என்னா வாதாடப் போறீங்க?”

மலாக்கா மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எனக்குக் கிடைத்த முதல் குடிபோதை வழக்கைப் பற்றி என் சீனியர் சொன்னது இவ்வளவுதான். மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த புதிது. நானும் புது வக்கீல். ஒப்புக்கொள்வதற்கு வக்கீல் எதற்கு என்று எனக்கு எரிச்சல் மூண்டது.

கட்சிக்காரர் காளியப்பன், காஜா பெராங்கில் குடியிருந்த லோரி டிரைவர். பண்டார் ஹிலிரில் ஒரு பேச்சாவை, அதாவது சைக்கிள் ரிக்‌ஷாவை, இடித்துவிட்டார். அதை ஓட்டியவருக்குப் பலத்த அடி. போதையில் ஓட்டினார் என்று தீர்ப்பானால் காளியப்பனின் லைசன்ஸ் பறிபோகும். அந்த ஸ்டியரிங்கை நம்பித்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, சம்மதம் கேட்டுத்தான் காளியப்பனிடம் ரத்தம் எடுத்தோம் என்றது போலீஸ். “கள்ளு குடிச்சது தெரிஞ்சும் ஏண்ணே கைய நீட்டுனீங்க?” என்று கடிந்துகொண்டேன்.

அவர் விழித்தார். “பக்கத்துக் கட்டில்ல அந்த மனுசன் ரத்தம் சொட்டச் சொட்டக் கெடக்குறாரு. போலீஸ்காரரு வந்து ‘போலே பெரி டாரா?’ன்னாரு. ரத்தம் குடுப்பியான்னா, அவருக்குத்தானங்கய்யா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிபட்டவர்களுக்காக வார்டில் நிற்பவர்களிடம் ரத்தம் கேட்பது அன்றைக்குச் சகஜம். அந்த மலாய் வார்த்தைக்கு அந்த இடத்தில் வேறு அர்த்தம் யாருக்கும் தோன்றாது. அவர் குடித்ததற்கு நான் பரிந்து பேசப் போவதில்லை. ஆனால் அந்த ரிப்போர்ட்டைக் கோர்ட்டுக்குள் விடுவதில்லை என்று வரிந்துகட்டிக்கொண்டேன்.

விசாரணையில் போலீஸ்காரரிடம், அன்று கேட்டதை அப்படியே மலாயில் சொல்லச் சொன்னேன். நேர்மையான மனிதர், மறைக்கவில்லை. “போலே பெரி டாரா?” என்றார். சோதனைக்கு என்று சொன்னீர்களா? இல்லை. வழக்குக்கு என்று? அதுவும் இல்லை. யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லையே என்று அரசுத் தரப்பு துள்ளியது. அவர் கொடுத்தது உயிர் காக்க, தன் மீதே சாட்சி சொல்ல அல்ல என்று நான் விடாமல் நின்றேன்.

மாஜிஸ்திரேட் யோசித்துவிட்டு ரிப்போர்ட்டை ஒதுக்கினார். கள் வாடையை மட்டும் வைத்துப் போதை என்று சொல்ல முடியாது என்றார். கவனக்குறைவுக்கு அபராதம் விழுந்தது. லைசன்ஸ் தப்பியது.

இளம் வக்கீல்களே, ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து மிரளாதீர்கள். எந்த மொழியில், எந்த வார்த்தையில் சம்மதம் கேட்டார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

ஆனால் அன்று நான் கற்றது அது மட்டுமல்ல. கோர்ட் வாசலில் வெற்றிக் களிப்போடு நின்றிருந்த என்னிடம் காளியப்பன் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப அவருக்கு ரத்தம் யாருங்கய்யா குடுத்தா?”

எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்றுகூட நான் விசாரித்திருக்கவில்லை. கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, காளியப்பனோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.