ஆறாவது வருடத்தில் லாபம்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. மனைவிக்கு டயாலிசிஸ் நடக்கும் நான்கு மணி நேரமும் மருத்துவமனை வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். ஒருநாள் தரை துடைக்கும் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஈரத்துல நடக்காதீங்க சார். வுழுந்தா உங்களுக்கும் ஒரு பெட்டு தேடணும்" என்றார். அன்றைக்குத்தான் உட்கார்ந்து, பையிலிருந்த நோட்டை எடுத்து கார்க் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

கார் வாங்கியே ஆகவேண்டிய நிலை. புதுச்சேரிக்குள் டயாலிசிஸுக்கு எங்களுக்குத் தோதான நேரம் அமையவில்லை. எல்லைக்கு அப்பால், முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்த மருத்துவமனையில்தான் இடம் கிடைத்தது. வாரத்துக்கு மூன்று நாள். போகும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிடும். திரும்பும்போதுதான் கூட்டம் நெரிக்கும். ஒருநாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே என்மேல் சரிந்துவிட்டாள். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். எங்கள் முதலியார்பேட்டையில் இறங்கும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.

நல்ல மைலேஜ் தரும் பெட்ரோல் காரா, மின்சாரக் காரா? முதலில் மனம் பெட்ரோல் பக்கம்தான் சாய்ந்தது. கடலூர்க்காரரும் விழுப்புரத்துக்காரரும் எங்கள் ஊருக்கு வந்து டேங்க்கை நிரப்பிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பெட்ரோல் மலிவாகக் கிடைக்கும் ஊரில் பிறந்துவிட்டு வேறு வண்டிக்குப் போவதா என்று ஒரு வீம்பு. ஆனால் கணக்குப் போடப்போட வீம்பு ஆட்டம் கண்டது. மின்சாரக் கார் வாங்கும்போது சில லட்சங்கள் அதிகம். வாங்கிய பிறகு ஓடும் செலவு சொற்பம். ஆயில் மாற்றும் வேலை இல்லை, சர்வீஸ் செலவும் குறைவு. வீட்டு மீட்டரிலேயே சார்ஜ் போடலாம். இன்சூரன்ஸ் கொஞ்சம் கூடுதல். பேட்டரிக்கு எட்டு வருட வாரண்டி. அதற்குப் பிறகு விற்றால் என்ன விலைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஐந்து முறை போட்டேன். ஐந்து முறையும் வேறு வேறு விடை. கம்பெனியில் ஒருவர், "பேட்டரி போச்சுன்னா பாதி வண்டி போச்சு" என்பார். அடுத்த மேஜைக்காரர், "பெட்ரோல் வண்டிய இப்ப எவன் வாங்குவான்?" என்பார். இருவர் மேலும் எரிச்சல் வந்தது. ஒரே காரை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். ஷோரூமில் விற்பனை செய்யும் தம்பி என்னைத் தூரத்தில் கண்டாலே உள்ளே போய்விடுவான். இப்படியே நான்கு மாதம் ஓடியது. அவள் பஸ்ஸிலேயே போய்வந்துகொண்டிருந்தாள்.

அவள் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தேங்காய்த்திட்டுப் பெண். அவளுடைய அப்பா சொந்தப் படகு வைத்திருந்தவர். மீன் ஏலத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு என் இழுத்தடிப்பு சகிக்கவில்லை.

"ஏலத்துல நின்னுகிட்டு இப்புடி யோசிச்சா மீனு நாறிப்பூடும். எதனா ஒன்ன எடுங்க" என்றாள்.

"இது எட்டு வருஷத்துக் கணக்கு. உனக்குப் புரியாது" என்று சிடுசிடுத்தேன்.

உண்மையில் கணக்கு ஏற்கெனவே முடிந்திருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் ஓடினால் ஆறாவது வருடத்தில் மின்சாரக் கார் லாபத்துக்கு வரும். அதற்கு முன்பே ஓட்டம் நின்றுவிட்டால் பெட்ரோல் கார்தான் லாபம். நான் ஷிப்ட் வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவன். கார் ஓடப்போவது அவளுக்காக மட்டும். எத்தனை வருடம் ஓடும்? நோட்டில் எழுதினேன்: மூன்று வருடம், பெட்ரோல். ஐந்து வருடம், பெட்ரோல். எட்டு வருடம், மின்சாரம்.

எழுதியதை மறுபடி படித்தேன். அவள் எத்தனை வருடம் இருப்பாள் என்று பேனா பிடித்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். எங்கள் வீடு விவசாய வீடு. விதைக்கும்போதே விளைச்சலைக் கணக்குப் போடும் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. அந்தப் புத்தி இங்கேயும் வேலை செய்திருக்கிறது. எழுந்து வராந்தாவில் மறுபடி நடக்க ஆரம்பித்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போடவாவது தோன்றியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மளிகைச் சாமான் எழுதத் தாள் தேடியவள் அந்த நோட்டை எடுத்தாள். அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"இந்த வண்டி நான் போவ வரத்தான?"

நான் தலையை ஆட்டினேன்.

"எங்கப்பா கடலுக்குப் போனா, எப்ப வருவாருன்னு எங்கம்மா கேக்காது. எங்களையும் கேக்க வுடாது. சோறாக்குற நேரத்துக்கு அவருக்கும் சேத்து ஒல வெக்கும். அவ்ளோதான். நீங்க என்னடான்னா மூணு, அஞ்சுன்னு எழுதி வெச்சிருக்கீங்க."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு அதே தாளைக் கிழித்துத் திருப்பி, பின்பக்கத்தில் துவரம்பருப்பு ஒரு கிலோ என்று எழுத ஆரம்பித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவளையும் அழைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். தம்பிக்கு ஒளிய நேரம் கிடைக்கவில்லை.

"ஆறு வருஷத்துக்கு மேல வெச்சிருந்தாதான் சார் கரண்ட் வண்டி கட்டுப்படி ஆவும். எத்தினி வருஷம் வெச்சிருப்பீங்க?" என்று கேட்டான்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மின்சாரக் காரின் முன் சீட்டில் உட்கார்ந்து, சீட்டு பின்னால் எவ்வளவு சாய்கிறது என்று சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெச்சிருப்போம். எழுதிக்கப்பா" என்றேன்.

வாங்கி ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகிவிட்டன. திரும்பி வரும்போது அதே சீட்டைச் சாய்த்துக்கொண்டு அவள் தூங்கிவிடுகிறாள். எல்லைக்கு இந்தப் பக்கம் பங்க்கில் நிற்கும் வெளியூர் வண்டிகளைத் தாண்டி, அவள் முழித்துவிடாதபடி மெதுவாக ஓட்டிவருகிறேன். வராந்தாவில் நடப்பதை மட்டும் இன்னும் விட முடியவில்லை. தரை துடைக்கும் அம்மா இப்போது நான் அந்தக் கோடிக்குப் போகும்வரை காத்திருந்து துடைக்கிறார்.

கணக்குப்படி இன்றைக்கும் அந்த வண்டி நட்டத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பணத்துக்கு ஆசைப்பட்டவன் இல்லை நான். ஆனால் இந்த ஒரு வண்டி லாபத்துக்கு வந்தே ஆகவேண்டும்.