படியேற முடியாதவர்களுக்கான நாற்காலி

எங்கள் வீட்டில் யாராவது பேய், பிசாசு என்று வாயெடுத்தால் அப்பா போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வரச் சொல்வார். சபை மூப்பர் அவர். அப்படி வளர்ந்த எனக்குத் தாயத்து, மந்திரம் எதிலும் இன்றைக்கு வரை நம்பிக்கை கிடையாது. இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் சரி, வயசான காலத்தில் இவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றாலும் சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேருமா கேரளத்தோடு நிற்குமா என்று டீக்கடையில் தினமும் அடிதடி. எனக்கு இருபத்தாறு வயது. தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில், ஒரு மேட்டின் மேல் இருந்த பழைய மிஷன் பங்களாவில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன மியூசியம் வைத்திருந்தார்கள். இரண்டே அறை. பழைய ஓலைகள், உப்பு அளக்கும் படி, எல்லைக்கல் ஒன்று, மிஷன் பள்ளிக்கூடத்துச் சிலேட்டுகள், இப்படி. அதற்குப் பொறுப்பாளன் நான். தோட்ட வேலைக்கும் காவலுக்கும் பொன்னையன் அண்ணன்.

கமிட்டி எனக்குக் கொடுத்த முதல் வேலை, வருகிறவர்களுக்கு ஒரு போர்டு எழுதி வைப்பது. அதில் எனக்குப் பெருமையென்றால் அப்படியொரு பெருமை. காலை பத்து முதல் மாலை நாலு வரை. ஞாயிறு விடுமுறை. செருப்பைக் கழற்றவும். பொருட்களைத் தொடவோ அவற்றின் மேல் உட்காரவோ கூடாது. மேல்பாதி தமிழ், கீழ்ப்பாதி மலையாளம். ஒரு ராத்திரி தமிழ்மேல் தார் பூசினார்கள், அடுத்த வாரம் வேறு யாரோ மலையாளத்தின்மேல் பூசினார்கள், நான் இரண்டையும் திரும்பத் திரும்ப எழுதினேன். மேட்டுக்கு ஏற முப்பத்திரண்டு படி. ஏற முடியாதவர்களுக்காக ஒரு ஏற்பாடு செய்து, அதையும் போர்டில் கடைசி வரியாகச் சேர்த்தேன்: கீழே தூணில் தொங்கும் மணியை அடித்தால் நாற்காலியில் தூக்கி வருவோம்.

அந்த நாற்காலியே மியூசியத்துப் பொருள்தான். முன்காலத்தில் ஒரு துரைசாணியம்மாவை மலைப்பக்கத்துச் சபைகளுக்குத் தூக்கிப்போன, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டிய பிரம்பு நாற்காலி. பொருட்கள் மேல் உட்காரக் கூடாது என்று எழுதியவனே உட்கார வைத்துத் தூக்குகிறான் என்று கமிட்டியில் ஒருவர் கிண்டல் செய்தார். தூக்குவதற்கு நாங்கள் ஒரு முறை வைத்திருந்தோம். முன்னால் நான், பின்னால் பொன்னையன் அண்ணன். நான் படியை எண்ணிக்கொண்டே போவேன், வேறு பேச்சு கிடையாது, திரும்பிப் பார்ப்பதும் கிடையாது. திரும்பினால் கம்பு சாயும்.

போர்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரான ஆள். நாலு மணிக்கு மேல் மகாராஜாவே வந்தாலும் நாளைக்கு வரச் சொல்லிவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி செல்வராஜ் ஊர்வலத்துக்குப் போனவன் திரும்பவில்லை. போலீஸ் அடித்து விரட்டியதில் கூட்டம் நாலாபக்கமும் சிதறியது. கூடப் போனவர்களில் திருப்புறத்துத் தையல்காரன் வேலப்பனையும் காணோம். ஆறு நாள். லாக்கப்பில் இல்லை, ஆஸ்பத்திரியில் இல்லை. அம்மா படுக்கையில் விழுந்துவிட்டாள். வீட்டில் இருக்க முடியாமல்தான் ஏழாம் நாள் நான் வேலைக்கே போனேன்.

அன்று மூன்று மணி வரைக்கும் ஒரு ஆள் வரவில்லை. மூன்றேகால் இருக்கும், கீழே மணி அடித்தது. நாற்காலியோடு இறங்கினோம். ஒரு வயசான பெண்பிள்ளை, சட்டையும் முண்டும் உடுத்து, கையில் குடை. பார்த்த முகம் இல்லை.

"மக்கா, எனக்குப் படி ஏற ஒக்காது. போர்டுல எழுதிப் போட்டிருக்கே, தூக்கிட்டுப் போவியளா?"

"அதுக்குத்தான் வாறோம், இருங்க அம்மா" என்றார் பொன்னையன் அண்ணன்.

ஏறும்போது ஒரு வித்தியாசமும் இல்லை. மேலே வந்து எல்லாவற்றையும் நின்று நிதானமாகப் பார்த்தார். அந்த அறைக்குள் நன்றாகவே நடந்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. வருகைப் பதிவில் பெயர் எழுதச் சொன்னேன். "பின்னெ எழுதலாம்" என்று சொல்லிவிட்டார். எப்போதும் விடமாட்டேன், அன்று ஏனோ விட்டுவிட்டேன். மூன்றரைக்கு இறங்கத் தொடங்கினோம்.

எண்ணிக்கொண்டே வருகிறேன். பதினொன்று என்று சொல்லிக் காலை வைத்தேன், கம்பு தோளில் அப்படியே அமுங்கியது. முட்டி மடங்கிவிட்டது. நம்புங்கள், நம்பாமல் போங்கள், ஒரு ஆளின் பாரம் இரண்டு ஆளின் பாரம் ஆனது.

"எலே, நில்லு நில்லு" என்று பின்னாலிருந்து பொன்னையன் அண்ணன் மூச்சு வாங்கினார். "என்ன எழவு பாரம் இது?"

"ஆருண்டு அங்க?" என்று திரும்பாமலே கேட்டேன்.

"அம்மா மட்டுந்தான் உண்டு. வேற ஆருமில்ல."

அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார், டாக்டர் வீட்டுக்குப் போகிறவர்கள் வண்டிக்காரனிடம் சொல்வார்களே, அந்த மாதிரி. "பையக் கொண்டு போங்க மக்கா. காலு முறிஞ்சவனாக்கும்."

அப்போதும் நான் திரும்பவில்லை, பழக்கம் அப்படி. பன்னிரண்டு, பதின்மூன்று என்று எண்ணி, பல்லைக் கடித்துக்கொண்டு முப்பத்திரண்டும் இறங்கினோம். கீழே வைத்ததும் பாரம் போய்விட்டது. அந்த அம்மா எழுந்து, குடையை விரித்து, ரோட்டில் நடந்து போனார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காலி நாற்காலியோடு ஏறினோம்.

நாலு மணிக்குப் பூட்டினேன். கிளம்பப் போகும்போது மறுபடியும் கீழே மணி அடித்தது. மேலேயிருந்து பார்த்தால் தூண் தெரியாது, பலாமரம் மறைக்கும். என் கைக்கடிகாரத்தில் நாலு கழிந்து பத்து நிமிஷம்.

"போய் எட்டிப் பாப்பமா?" என்று கேட்டார் பொன்னையன் அண்ணன்.

"நாலு மணி கழிஞ்சாச்சு. போர்டை வாசிச்சிட்டுத்தானே மணி அடிக்கணும்? நாளைக்கு வரட்டும்."

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். பயந்ததை அவரிடம் காட்டக் கூடாது என்று போர்டைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் இரண்டு தடவை அடித்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் ஒரு விறகு லாரிக்காரன் தம்பியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். கள்ளிக்காட்டுப் பக்கம் ரோட்டோரம் கிடந்தானாம். இடது கால் முறிந்து தொங்கியது, காய்ச்சலில் பிதற்றல். வர்ம ஆசான் வந்து எலும்பைச் சேர்த்து வைத்துக் கட்டினார். இரண்டு நாள் கழித்துத்தான் தெளிந்தான். அம்மாவைக் கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, என்னைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்.

"அண்ணா, நான் எத்தனை விளி விளிச்சேன், நீ ஏன் திரும்பியே பாக்கல்ல?"

அவனும் வேலப்பனும் கள்ளிக்காட்டு மலைச்சரிவில் ஒரு குடிசையில் ஒளிந்திருந்திருக்கிறார்கள். ஜீப் சத்தம் கேட்டு ஓடியதில் இரண்டு பேரும் பாறையிடுக்கில் விழுந்தார்கள். இவனுக்குக் கால், வேலப்பனுக்கு இடுப்பு. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் அங்கேயே கிடந்தார்களாம். பிறகு நானும் பொன்னையன் அண்ணனும் ஒரு நாற்காலியோடு வந்தோமாம். ஒரு ஆள்தான் கொள்ளும் என்பதால் இவனை ஏற்றிக்கொண்டு, நான் எண்ணிக்கொண்டே இறங்கினேனாம். நான் அந்த நேரத்தில் எங்கே இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். மியூசியத்திலிருந்து கள்ளிக்காடு பத்து மைலுக்கு மேல் என்பதும் இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

"வேலப்பனை நீங்க பொறவு போய் எடுத்தியளா?" என்றான்.

அன்றைக்கே பத்துப் பேராகப் போனோம். வேலப்பன் அந்த இடுக்கில்தான் கிடந்தான். உயிர் இல்லை. அவன் பெண்டாட்டியின் முகத்தை நேருக்கு நேர் பார்க்க என்னால் அதன்பிறகு முடியவில்லை. பொன்னையன் அண்ணன் சாகிற வரைக்கும் அந்த நாற்காலியைத் தொடவே இல்லை. போர்டில் நேரத்தை நான் அழித்துவிட்டேன்.

காய்ச்சல் தலைக்கேறினால் எல்லாம் தோன்றும் என்று ஒரு டாக்டர் சொன்னார். இருக்கலாம். வேலப்பனைத் தனியாக விட்டுவிட்டு வந்தாயே, அவன் என்ன சொன்னான் என்று தம்பியிடம் ஒரு நாள் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அவன் பயப்படல்ல அண்ணா. 'நீ முதல்ல போ, அவ்வொ திரும்ப வருவாவ'ன்னு சொன்னான். போறப்போ மணி என்ன ஆச்சுன்னு மட்டும் கேட்டான்."

அவர்கள் இரண்டு பேர் கையிலும் கடிகாரம் இல்லை. தெரியாது என்று தம்பி சொன்னானாம். அப்போது மணி மூன்றரை. நாலு மணிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.