பகல் பதினொன்றுக்கு வந்தவள்

அந்தப் பார்சல் கிடங்கில் அவளைக் கழுகு என்றுதான் சொல்வார்கள். வயதில் சின்னவர்கள் கழுகக்கா என்பார்கள். பேர் வைத்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. வைத்ததில் தப்பும் இல்லை. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை, ஜன்னல் இல்லாத ஓர் அறையில், கேமராப் படங்கள் பதினாறு கட்டமாகப் பிரிந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். கீழே முந்நூறு பேர் பெட்டிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தன் எதையாவது சட்டைக்குள் தள்ளப் போகிறான் என்றால் அவனுடைய கைக்கே தெரிவதற்கு முன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும். "கையைப் பார்த்து என்ன ஆகப்போகுது? தோளைப் பாருங்க. அதுதான் முதல்ல ஏறும்" என்பாள்.

ஒன்பது வருஷம் உட்கார்ந்தே பார்த்த வேலை உடம்பில் ஏறியிருந்தது. தூக்கம் வராமல் இருக்க ஒரு ராத்திரிக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சர்க்கரை, கூடவே பிஸ்கட். போதாததற்குப் போன வருஷம் மழையில் கிடங்குப் படியில் சறுக்கி விழுந்ததில் வலது முழங்கால் போயிற்று. அதிலிருந்து தாங்கித் தாங்கித்தான் நடை. கட்டிலிலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடிக்க வேண்டும்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூட்டு மாத்தணும். ஆனா தொண்ணூத்திரண்டு கிலோவுல நான் கத்தியைத் தொட மாட்டேன். பதினஞ்சு கிலோ குறைச்சுட்டு வாங்க."

"நடக்கவே முடியலையே டாக்டர், எப்படிக் குறைக்கிறது?"

"நடக்க வேண்டாம். சாப்பாட்டுல குறைங்க."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எப்படிக் குறைப்பது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

ஒன்றில் இறங்கினால் கடைசிவரை போகிறவள் அவள். அன்றைக்கே வாயைக் கட்டினாள். காலையில் வேலை முடிந்து வந்ததும் ஒரு தம்ளர் நீர்க்கஞ்சி. தூங்கி எழுந்ததும் இரண்டு வெள்ளரிக்காய். வேலைக்குக் கிளம்பும்போது ஓர் ஆப்பிள். சர்க்கரை இல்லாத டீயை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். இரண்டு வாரத்தில் நாலு கிலோ குறைந்தது. புருஷன் டவுன் பஸ் ஓட்டுகிறவர். "இப்படியே போனா உனக்கு அரை டிக்கெட் போதும்" என்று சிரித்தார். அவளுக்கும் பெருமை பிடிபடவில்லை.

மூன்றாவது வாரத்தில் ரொட்டிப் பாக்கெட்டில் நாலு துண்டு குறைந்தது.

அந்த வீட்டில் இரண்டு அறை, ஓர் அடுப்படி, தரைத்தளம். புருஷன் விடிவதற்குள் கிளம்பிவிடுவார். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள் எட்டு மணிக்குப் போவாள். அதன் பிறகு இவள் கதவைச் சாத்தி, திரையை இழுத்து, விழுந்ததிலிருந்து பழகிப்போன தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பாள். நாலு மணிக்குப் புருஷன் வருவார். அதனால் ரொட்டி விஷயத்தில் முதலில் மாட்டியவர் அவர்தான்.

"நானா? எனக்கு அந்த ரொட்டியே பிடிக்காது. எலியா இருக்கும்" என்றார்.

நாலு நாள் கழித்து வெண்ணெய் டப்பா திறந்து கிடந்தது. வெண்ணெயின் நடுவில் நாலு பள்ளம் பக்கம் பக்கமாக ஓடியிருந்தது. மகள் அதன் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். "எலிக்கு விரல் எப்பம்மா முளைச்சுது?" என்று கேட்டாள். கேட்கும்போது சிரித்தாள். கேட்ட பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அப்புறம் வந்தது உருளைக்கிழங்கு. பச்சைக் கிழங்கு. மண்கூடக் கழுவவில்லை. பாதி கடித்து, மேஜை மேல் நிறுத்தி வைத்திருந்தது. பல் பதிந்த இடம் காய்ந்து கறுத்திருந்தது. அதற்கு எதிரே, வழக்கமாகச் சுவரோடு ஒட்டிக் கிடக்கும் நாற்காலி, யாரோ நிதானமாக உட்கார்ந்து எழுந்துபோன மாதிரி இழுத்துப் போடப்பட்டிருந்தது.

அவள் போய் அலமாரியைத் திறந்து பார்த்தாள். திருடன் என்றால் அலமாரியில் இருக்கும் நகையை விட்டுவிட்டுப் பச்சைக் கிழங்கையா தின்பான்?

பூட்டை மாற்றினார்கள். மகள் வெளியே போனதும் உள்பக்கம் சங்கிலியையும் மாட்டிக்கொண்டு படுத்தாள். மூன்று மணிக்கு எழுந்தபோது சங்கிலி மாட்டியபடியே இருந்தது. ஜன்னல் கம்பிகளும் அப்படியே. ஆனால் அடுப்படியிலிருந்து தீய்ந்த வாடை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே வெறும் வாணலி, அடி சிவந்து புகைந்துகொண்டிருந்தது. பால் பாத்திரம் வழித்துத் துடைத்ததுபோல் காலி.

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். சங்கிலி போட்ட வீட்டுக்குள் யாரும் வரவில்லை என்றால், சங்கிலி போடும்போதே உள்ளே ஒருத்தர் இருந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல், சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்குப் போய், புருஷன் வரும்வரை தெருவிலேயே நின்றாள்.

அவர் விளக்குமாற்றுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு பரண், கட்டிலடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் என்று ஒரு இடம் விடாமல் தேடினார். பரணிலிருந்து தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கினார். "யாரும் இல்ல" என்றவர், சற்று நிறுத்தி, "இருந்திருந்தாலாவது நல்லா இருந்திருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து மகள் இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வரப் பயந்தாள். பகலில் இருக்கிற ஒன்றுக்குப் பயந்து வெளிச்சம் இருக்கும்வரை வராமல் இருந்தாள். அம்மாவுக்கோ தூக்கம் போயிற்று. ஒரு மாத்திரை ஒன்றரை ஆயிற்று. எடை பார்த்தால் குறைந்த நாலு கிலோவில் மூன்று திரும்பி வந்திருந்தது. முழங்காலும் படுக்கும்போது இருந்ததைவிட எழும்போது அதிகம் வீங்கியிருந்தது. கஞ்சியும் வெள்ளரிக்காயும் தின்று ஓர் உடம்பு எப்படி ஏறும் என்று அவளுக்கு விளங்கவில்லை. கஞ்சியை அரைத் தம்ளராகக் குறைத்தாள்.

கடைசியில் அவளுக்குத் தெரிந்த வழிக்கே போனாள். கிடங்கின் கேமரா மெக்கானிக்கிடம் பழைய கேமரா ஒன்றை இரவல் வாங்கி, அடுப்படி அலமாரியின் மேல்தட்டில், மாவு டப்பாக்களுக்கு நடுவே வைத்தாள். படம் நேராக ஃபோனில் சேரும்படி அவரே செய்துகொடுத்தார். அவள் மாத்திரை போட்டுப் படுத்தாள்.

எழுந்ததும் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஃபோனை எடுத்தாள். எட்டு நாற்பதுக்குக் காலி அடுப்படி. ஒன்பதுக்கும் பத்துக்கும் காலி. ஜன்னல் வெயில் மட்டும் தரையில் நகர்ந்துகொண்டிருந்தது. பத்து ஐம்பத்திரண்டுக்கு ஒரு பெண் உள்ளே வந்தாள்.

முதுகு மட்டும் தெரிந்தது. வேலைப் பழக்கத்தில் கழுகுக்கண் தானாகக் கணக்குப் போட்டது. நாற்பத்தைந்து, ஐம்பது வயது இருக்கும். கனத்த உடம்பு. தோள் ஏறவே இல்லை, பயம் கிடையாது. எது எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தவள். நடையில் ஒரு குறையும் இல்லை. இரண்டு காலையும் சமமாக ஊன்றி, நேராகப் போய்க் கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்தாள்.

பிறகுதான் அந்த நைட்டி கண்ணில் பட்டது. தான் உடுத்தியிருக்கும் அதே நைட்டி. தோளில் அதே தையல் விட்ட இடம்.

திரையில் இருந்தவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கிழங்கைக் கடித்தாள். அவசரமே இல்லை. ரொட்டியில் வெண்ணெயை விரலால் அள்ளிப் பூசித் தின்றாள். எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். தீயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அணைத்தாள். போகும்போது நின்று, மெதுவாகத் தலையைத் தூக்கி, மாவு டப்பாக்களுக்கு நடுவே இருந்த கேமராவை நேராகப் பார்த்தாள். கண் நன்றாகத் திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை. ஓரத்தில் ஓடிய நொடிகளை இவள் எண்ணினாள். பதினொன்று. அப்புறம் அந்தப் பெண் படுக்கையறைப் பக்கம் திரும்பிப் படத்தைவிட்டுப் போனாள்.

அவள் போன படுக்கையறையில்தான் இவள் இப்போது உட்கார்ந்திருந்தாள். கையை மூக்கருகே கொண்டுவந்தாள். வெண்ணெய் வாசம் அடித்தது.

சாயங்காலம் புருஷனிடம் ஃபோனை நீட்டினாள். அவர் கடைசிவரை பார்த்தார். பேயறைந்த முகத்தோடு, "நைட்டி உன்னுது. உடம்பு உன்னுது. ஆனா இது நீ இல்ல" என்றார்.

"வேற யாருங்க?" என்று கேட்டாள். அவர் படத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

மகள்தான் துணிந்தாள். மறுநாள் கடைக்கு லீவு போட்டாள். அம்மா படுத்ததும் அடுப்படி மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பதினொன்று அடிக்கச் சற்று முன் அம்மா எழுந்து வந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை. மகளைத் தாண்டிப் போகும்போது நைட்டி மகளின் முழங்கையில் உரசியது. அம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. மகள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அம்மா, என்னம்மா தேடுற?"

"சாப்பிட ஏதாவது." அம்மாவின் குரல்தான். ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"யாருக்கும்மா?"

"அவளுக்கு." படுக்கையறையைக் கை காட்டினாள். "பட்டினியா படுத்திருக்கா. கேக்க ஆளில்ல. பாவம்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எழுந்து, இரண்டு முட்டையை வேகவைத்து, உரித்துத் தட்டில் வைத்து எதிரே நகர்த்தினாள். அம்மா உட்கார்ந்து இரண்டையும் தின்றாள். தட்டைத் தடவிப் பார்த்தாள். எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு எழுந்த அம்மாவுக்கு ஒன்றும் நினைவில்லை. மகள் எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். படத்தைப் பார்த்தபோது அழாதவள் அந்தப் "பாவம்" என்ற சொல்லைக் கேட்டதும் அழுதாள். ஊரில் யார் பசி முகத்தோடு வந்தாலும் உட்காரவைத்துச் சோறு போடுகிறவள் அவள். தன்னை மட்டும் ஒன்றரை மாதமாகப் பசிக்கிறதா என்று கேட்கவில்லை.

மறுவாரம் மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இந்தத் தடவை வேறு டாக்டர், ஒரு அம்மா. படத்தை இரண்டு முறை பார்த்தார். பயப்படவில்லை, சிரிக்கவும் இல்லை.

"என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?"

"மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். தூக்க மாத்திரை மட்டும்தான்."

"அதுதான் மருந்து. இந்த மாத்திரையில சிலர் தூக்கத்துலயே எழுந்து சாப்பிடுவாங்க, சமைப்பாங்க. காலையில ஒண்ணும் ஞாபகம் இருக்காது. வலிகூட அப்போ தெரியாம போகலாம். உங்க முட்டி ஏன் வீங்குச்சுன்னு இப்பப் புரியுதா? அதுக்கு மேல நீங்க உடம்பைப் பட்டினி வேற போட்டிருக்கீங்க. அது சும்மா இருக்குமா?"

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். சாப்பாட்டுக்கு அங்கேயே உணவு ஆலோசகராக இருந்த ஓர் இளம்பெண்ணிடம் அனுப்பினார். "நடக்க முடியாட்டி என்ன, தட்டை மாத்தினாலே பாதி வேலை முடிஞ்சுது" என்றாள் அந்தப் பெண். வேலைக்குப் போகும் முன் ஒரு முழுச் சாப்பாடு. தட்டில் பாதி கீரையும் காயும், கால் பாகம் பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் பாகம்தான் சோறு. வேலைக்கு நடுவில் ஒரு கிண்ணம் தயிரும் ஒரு பழமும். காலையில் வந்ததும் முட்டையும் ரொட்டியும். "பசியோட மட்டும் படுக்காதீங்க" என்று இரண்டு தடவை சொன்னாள்.

இவ்வளவு தின்றால் எப்படிக் குறையும் என்று கழுகுக்கு நம்பிக்கை வரவில்லை. முதல் மாதம் ஒன்றே முக்கால் கிலோதான் குறைந்தது. எரிச்சல் வந்தது. அடுத்த மாதம் இரண்டு. ஒரு மாதம் ஒன்றும் குறையாமல் நின்றது, பிறகு மறுபடி இறங்கியது. மாத்திரையைக் குறைத்த முதல் பத்து நாள் தூக்கம் சரியாகப் பிடிக்கவில்லை. அந்த நாட்களில் புருஷன் அடுப்புக்கு வருகிற கேஸை அடைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனார். ஒரு நாள், வாணலி ஒன்று அடுப்பின் மேல் வெறுமனே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அதுதான் கடைசி. அதன் பிறகு அடுப்படிக்குப் பகலில் யாரும் வரவில்லை.

எழுபத்தாறரைக்கு வர ஒன்பது மாதம் பிடித்தது. எலும்பு டாக்டர் எடை மேடையைக் குனிந்து பார்த்து, "எப்படிக் குறைச்சீங்க?" என்று கேட்டார்.

"சாப்பிட்டு" என்றாள்.

மூட்டு மாற்றியாகிவிட்டது. இப்போது பஸ் நிறுத்தம் வரை யாரையும் பிடிக்காமல் போகிறாள். இரவு வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பகல் வேலைக்கும் மாறிக்கொண்டாள். ஆனாலும் லீவு நாள் மத்தியானத்தில் அவள் கொஞ்சம் கண்ணயர்ந்து, தூக்கத்தில் புரண்டு படுத்துக் கட்டில் சத்தம் போட்டால் போதும், மகள் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றுவிடுகிறாள். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்கிறாள். வேறு சத்தம் வராவிட்டால்தான் மறுபடி உட்காருகிறாள்.