ஆம்புரோஸ் விட்டுப்போன ரம்பம்

மலாயாவில் லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பழைய ஆட்களிடம் போய் மார்த்தா என்றால், எந்த மார்த்தா என்று கேட்பார்கள். ரம்பக்கார மார்த்தா என்றால் போதும், முகம் மலர்ந்துவிடும். அந்தப் பெயர் அவளுக்கு ஜப்பான்காரன் காலத்தில் வந்தது. அதுவரை அவள் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டும் பெண்களில் ஒருத்தி, தச்சன் ஆம்புரோஸின் பெண்சாதி, அவ்வளவுதான்.

ஆம்புரோஸ் கைபடாத மரம் அந்தத் தோட்டத்தில் கிடையாது. கூலிக்காரர் லயத்துக் கதவுகள், செத்தவர்களுக்குப் பெட்டி, காளியம்மன் கோயில் வாசல் நிலை, எல்லாம் அவன் வேலை. நாற்பத்து மூன்றில் சயாமுக்கு ரயில் தண்டவாளம் போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது, மூன்றே மாதம் என்று சொல்லி அவனையும் லாரியில் ஏற்றினார்கள். ஏறுவதற்கு முன் அவன் பெண்சாதியிடம் அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

"பெட்டியப் பத்திரமா வச்சுக்க. ரம்பத்த மட்டும் யார்கிட்டயும் குடுத்துடாத. கை மாறுனா பல்லு கெட்டுப்போயிடும்" என்றான்.

மூன்று மாதம் ஒரு வருஷமானது. மார்த்தா கருவிப்பெட்டியைக் கட்டிலுக்கடியில் கோணியால் மூடி வைத்திருந்தாள். சனிக்கிழமை சாயங்காலமானால் வெளியே இழுப்பாள். உளி, இழைப்புளி, சுத்தியல் என்று ஒவ்வொன்றாகத் துடைத்து, கடைசியில் ரம்பத்துக்கு எண்ணெய் போடுவாள். தாளிக்கவே எண்ணெய் கிடைக்காத காலம் அது.

பக்கத்து வீட்டுத் தாயம்மாவால் பொறுக்க முடியாது. "ஏண்டி, உன் தலை காஞ்சு சடையாக் கெடக்கு. இரும்புக்கு அபிஷேகமா?"

"அவரு வந்து பாக்கிறப்ப துருப்பிடிச்சுக் கெடந்தா என்ன அக்கா பதில் சொல்றது?"

தாயம்மா தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். ரம்பம் காத்திருக்கும்வரை ஆம்புரோஸும் வழியில் வந்துகொண்டிருக்கிறான் என்பது மார்த்தாவின் கணக்கு. அது தாயம்மாவுக்கும் தெரியும்.

அந்த வருஷக் காற்று மழையில் மாதா கோயில் கொட்டகை சாய்ந்தது. அத்தாப்பு ஓலைக் கூரையும் மூங்கில் தட்டியுமாக நின்ற கொட்டகைதான். சிரம்பான் பட்டணத்திலிருந்து சாமியார் வர வழியில்லாமல் உபதேசியார் ஞானப்பிரகாசம்தான் ஞாயிறுதோறும் செபம் சொல்லிவந்தார். மரவள்ளிக் கிழங்கைத் தின்று, கோணியைக் கட்டிக்கொண்டிருந்த சனங்களிடம் அவர் கோயில் கட்டவேண்டும் என்று கேட்டார். எப்படித்தான் வாய் வந்ததோ! ஆனால் கேட்டுவிட்டார்.

வேலையைத் தோட்டத்துப் பழக்கப்படியே பிரித்தார்கள். துரைமார் காலத்தில் விடியற்காலையில் தண்டவாளத் துண்டைத் தட்டிப் பெரட்டுக்குக் கூப்பிடுவார்கள். ஆட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுப்பார்கள். அதே மாதிரி ஞாயிற்றுக்கிழமை கோயில் பெரட்டு. பெயர் கூப்பிட்டவர், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முருகையா. அவர் காளியம்மன் கோயில் பூசைக்காரர். "எங்க ஆத்தாளுக்கு வாசக்கால் வச்சவன் உங்காளு. உங்க மாதாவுக்குப் பெரட்டு எடுக்க நான் வரமாட்டேனா?" என்று வந்து நின்றார். அவர் வீட்டுப் பெயராகச் சொல்லிக் கூப்பிட, அந்த வீடு தன்னால் ஆனதைச் சொல்லவேண்டும். ஆற்றோரம் போய் நிப்பா ஓலை வெட்டித் தைத்த அத்தாப்பு நாற்பது. கட்டுவதற்குப் பிரம்பு ஒரு சுமை. மாட்டு வண்டி இரண்டு நாள். ஒன்றுமில்லாத வீட்டிலிருந்து குழி வெட்ட இரண்டு கை.

மார்த்தா கொடுத்தது அந்த இரண்டு கை. பெட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் வரவில்லை, ஏனென்றால் தூணுக்கு ரப்பர் மரம் என்று முடிவாகியிருந்தது. கிழங்கு போடுவதற்காக வெட்டித் தள்ளிய மரங்கள் மலைபோல் கிடந்தன. காடு வெட்டும் பாராங் கத்தியே போதும்.

மார்த்தா குழிக்குள் நின்றபடி சொன்னாள்: "ரப்பர் மரத்த நடாதீங்கண்ணே. வண்டு தின்னுடும்னு அவரு சொல்லுவாரு."

முருகையா சிரித்தார். "இத்தன வருஷம் சோறு போட்ட மரம்லா! நம்மளயா கைவிடும்?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறந்ததிலிருந்து அந்த மரத்தைக் கீறிப் பிழைத்தவர்கள்தான். ஆனால் அதை அடுப்பில் வைத்ததைத் தவிர வேறெதற்கும் வைத்துப் பார்த்ததில்லை.

ஐந்து மாதம் கோயில் நின்றது. ஆறாவது மாதம் செபமாலை சொல்லும்போது தலையில் மாவு மாதிரி விழுந்தது. மாதா சுரூபத்தின் தோளிலும் மாவு. தூண்களில் ஊசி நுழையும் ஓட்டைகள். ஒரு ஞாயிறு உபதேசியார் தூணில் சாய்ந்தார், தூண் அவரோடு சேர்ந்து சாய்ந்தது. நல்லவேளை, கூரை மெதுவாகத்தான் உட்கார்ந்தது.

முருகையா நேரே மார்த்தாவிடம் வந்தார். "நீ சொன்ன. நான்தான் கேக்கல, தங்கச்சி."

இனி எந்த மரம் என்பதற்கும் அவரே வழி சொன்னார். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்ட புகைக்கூடம் பாழாகக் கிடந்தது. காட்டு மர உத்தரங்கள். இருபது வருஷப் புகை குடித்துக் கருத்தவை, எந்த வண்டும் அண்டாது. ஆனால் பாராங் கத்தி பட்டால் தெறித்தது. மூன்று நாளில் இரண்டு கத்தி ஒடிந்தது. தோட்டத்து ரம்பங்களையெல்லாம் ஜப்பான்காரன் எப்போதோ அள்ளிப் போயிருந்தான்.

உபதேசியாரும் முருகையாவும் மார்த்தா வீட்டு வாசலுக்கு வந்தார்கள். முருகையாதான் கேட்டார். "ரம்பத்த ஒரு வாரம் குடு. என் தலைமேல வச்சுப் பாத்துக்கிறேன்."

"யார்கிட்டயும் குடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு அண்ணே."

"சொன்னவன்..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை பெட்டியைத் திறந்தபோது ரம்பத்தின் நடுவில் மிளகளவு ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. செங்கல் தூளும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். போனது மாதிரி இருந்தது. துடைத்துப் பார்த்தால் பக்கத்தில் இன்னும் இரண்டு. எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்தாள், சொட்டு இல்லை. ரம்பத்தை மடியில் போட்டுப் புள்ளிகளை விரலால் தடவினாள். அவன் வீட்டில் இருந்த காலத்தில் இந்த இரும்பு ஒருநாளும் துருப்பிடித்ததில்லை. அப்போது யாரும் இதற்கு எண்ணெய் போட்டதும் இல்லை, தினமும் மரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் பெரட்டில் "ஆம்புரோஸ் வீடு?" என்றதும் ரம்பத்தோடு முன்னால் வந்தாள்.

"ரம்பம் இருக்கு. யார் கையிலயும் குடுக்கமாட்டேன். நானே அறுக்கிறேன்."

"பொம்பள ரம்பம் இழுத்தா மரம் சிரிக்கும்லா" என்றான் வரிசையில் ஒருவன்.

தாயம்மா விடவில்லை. "நீங்க நட்டது தலையிலயே விழுந்துச்சே, அப்ப நாங்க சிரிச்சமா?"

முதல் உத்தரத்தை அறுக்க ஒரு முழு நாள் ஆனது. வெட்டு கோணலாகப் போய்த் தூண் ஒரு சாண் குட்டையாகிவிட்டது. அதற்கடியில் செம்புறைக் கல் வைத்துச் சமாளித்தார்கள். இரண்டாவது தூணுக்கு அரை நாள். கடைசித் தூணை வெட்டும்போது அவள் பேசிக்கொண்டே இழுத்தாள். அரம் பிடித்துப் பல் தீட்டவும் தானே பழகிக்கொண்டாள். கோயில் எழும்பியது. மழை நாளில் உள்ளே போனால் புகைபோட்ட ஷீட்டு வாசனை அடிக்கும். அங்கே செபம் சொன்னவர்களுக்கு இன்றைக்கும் மாதா கோயில் வாசனை என்றால் அதுதான், சாம்பிராணி இல்லை.

சண்டை முடிந்து சயாமிலிருந்து லாரிகள் வந்தன. மார்த்தா நான்கு சாயங்காலம் லாரி வரும் சடக்கோரம் போய் நின்றாள். எலும்பும் தோலுமாக இறங்கியவர்களில் ஒருவரும் ஆம்புரோஸைப் பார்த்ததாகச் சொல்லவில்லை, செத்ததாகவும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் புக்கிட் பெலண்டோக் தோட்டத்திலிருந்து ஆள் வந்திருந்தது. அங்கே கோயிலுக்கு வேலி அடைக்கிறார்களாம், ரம்பம் வேண்டுமாம்.

"ரம்பம் வந்தா நானும் வருவேன்" என்றாள். போனாள். அப்புறம் லிங்கி, அப்புறம் வேறெங்கோ. கூலி வாங்காமல், சோறு மட்டும் வாங்கிக்கொண்டு.

சில வருஷம் கழித்து, வாசலில் அவள் பல் தீட்டிக்கொண்டிருந்தபோது தாயம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஏண்டி, நாளைக்கே ஆம்புரோஸ் வந்து நின்னு ரம்பம் எங்கன்னா என்ன சொல்லுவ?"

மார்த்தா ரம்பத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பல்வரிசை பார்த்தாள்.

"வரட்டும் அக்கா. வந்தா சிரம்பானுக்குக் கூட்டிட்டுப் போயி புதுசு ஒண்ணு வாங்கித் தர்றேன். இது என் கைக்குப் பழகிப்போச்சு."